கணினிக்குத் தெரியாமல் போன பிரிண்டர்: திருவல்லிக்கேணிக் கடை ஒன்றில் இரண்டு நாள் வேலை

திருவல்லிக்கேணியில் மேன்ஷன்கள் நிறைந்த ஒரு தெருவில் என் அக்கா பதினோரு ஆண்டுகளாக ஜெராக்ஸ் கடை நடத்தி வருகிறார். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள்தான் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர். ஹால் டிக்கெட், விண்ணப்பம், பழைய வினாத்தாள் என்று நாளொன்றுக்கு முந்நூறு, நானூறு பக்கங்கள் அங்குள்ள ஒரே லேசர் பிரிண்டரில்தான் அச்சாகும். ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்த பிரிண்டர் கணினிக்குத் தெரியாமல் போயிற்று. "மெஷின் நல்லாத்தான் ஓடுது தம்பி, கம்ப்யூட்டர்தான் அதை எடுத்துக்கவே மாட்டேங்குது" என்று அக்கா தொலைபேசியில் சொன்னார். பழுதைப் பற்றிய பாதித் தகவல் அந்த ஒரு வாக்கியத்திலேயே இருந்தது.

நான் போய்ச் சேருவதற்குள் வேறொருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். பிரிண்டருடன் விண்டோஸ் பேச உதவும் மென்பொருளான டிரைவரை மூன்று முறை நீக்கி, மூன்று முறை மறுபடி நிறுவியிருந்தார். அதில் பலன் இல்லாததால், விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்ற வேண்டும், அப்படியும் சரியாகவில்லை என்றால் பிரிண்டருக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையான போர்டு போய்விட்டதாகத்தான் அர்த்தம், புது மெஷின் வாங்குவதே நல்லது என்று சொல்லியிருந்தார். கடைக் கணக்கு முழுவதும் அந்தக் கணினியில் இருந்ததால் அக்கா சம்மதிக்கவில்லை. அவர் சம்மதிக்காததுதான் நல்லதாயிற்று. ஏனென்றால் இந்தப் பழுதுக்கும் விண்டோஸுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்க முடியும். அந்த ஐந்து நிமிடச் சோதனையை யாரும் செய்யவில்லை என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் யு.எஸ்.பி. கேபிளைக் கழற்றிவிட்டு, பிரிண்டரின் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தேன். அது தன் அமைப்பு விவரங்களைக் கொண்ட பக்கத்தைத் தானாகவே அச்சிட்டுக் கொடுத்தது. எழுத்துகள் கருமையாகவும் அழியாமலும் இருந்தன. டிரம், டோனர், லேசர், காகிதத்தைச் சூடாக்கி எழுத்தை ஒட்டவைக்கும் ஃப்யூசர், இவற்றையெல்லாம் இயக்கும் போர்டு ஆகியவை நல்ல நிலையில் இருப்பதை அந்த ஒரு பக்கம் காட்டிவிட்டது. அது சொல்லாத விஷயம் ஒன்றே ஒன்றுதான்: வெளியிலிருந்து வரும் செய்தி உள்ளே போகிறதா என்பது.

அடுத்துக் கேபிளை மாட்டி, கணினியில் இணைந்துள்ள சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். சாதனம் இணைந்ததற்கான ஒலி கேட்டது. ஆனால் பட்டியலில் பிரிண்டரின் பெயர் வரவில்லை. மஞ்சள் முக்கோணத்துடன் 'அன்நோன் யு.எஸ்.பி. டிவைஸ், டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு' என்ற வரிதான் வந்தது. உள்ளே சென்று பார்த்தால் கோட் 43 என்ற பிழை எண். 'டீடெயில்ஸ்' பகுதியில் தயாரிப்பாளர் எண் 0000 என்றும் பொருள் எண் 0002 என்றும் இருந்தன. எந்த நிறுவனத்துக்கும் 0000 என்ற எண் கிடையாது. சாதனம் தன் பெயரைச் சொல்லாதபோது விண்டோஸ் தானாக இட்டுக்கொள்ளும் எண்கள் இவை.

இங்கே சற்று நின்று, கேபிளை மாட்டிய அந்த நொடியில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். யு.எஸ்.பி. 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள் உள்ளன. சிவப்பு 5 வோல்ட், கருப்பு கிரவுண்ட், வெள்ளையும் பச்சையும் தகவலைச் சுமப்பவை. பிரிண்டர் தனக்கு வேண்டிய மின்சாரத்தைச் சுவர் பிளக்கிலிருந்து எடுத்துக்கொண்டாலும், சிவப்புக் கம்பியில் 5 வோல்ட் வந்த பிறகுதான் மறுமுனையில் கணினி இருப்பதை அது உணர்கிறது. உடனே 1.5 கிலோ ஓம் மின்தடை ஒன்றின் வழியாகப் பச்சைக் கம்பியின் மின்னழுத்தத்தை உயர்த்தி, தான் வந்திருப்பதைத் தெரிவிக்கிறது. கணினி அதைக் கவனித்து, இணைப்பை ஒருமுறை ரீசெட் செய்து, 'நீ யார்' என்று கேட்கிறது. பிரிண்டர் 18 பைட் அளவுள்ள ஒரு விவரக் குறிப்பை விடையாக அனுப்ப வேண்டும். அதைத்தான் டிவைஸ் டிஸ்கிரிப்டர் என்கிறார்கள். தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் அதில்தான் உள்ளன. அவற்றைப் படித்த பிறகே எந்த டிரைவரை அழைப்பது என்று விண்டோஸ் தேடத் தொடங்குகிறது.

ஆகவே திரையில் தெரிவதைக் கொண்டே பழுது எந்தப் படியில் இருக்கிறது என்று பிரித்துவிடலாம். ஒலியும் இல்லை, டிவைஸ் மேனேஜரில் எந்த அசைவும் இல்லை என்றால், பிரிண்டர் வந்திருப்பதே கணினிக்குத் தெரியவில்லை. ஒலி வந்து 'அன்நோன் டிவைஸ்' என்று காட்டினால், யாரோ வந்திருப்பது தெரிகிறது, பேச்சுதான் புரியவில்லை. பெயர் சரியாக வந்தும் அச்சாகவில்லை என்றால் மட்டுமே டிரைவர், போர்ட், வரிசையில் தேங்கிய வேலைகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எங்கள் பிரிண்டர் இரண்டாம் நிலையில் நின்றுகொண்டிருந்தது. வந்தவர் தன் பெயரையே சொல்லாதபோது, அவருக்கான டிரைவரை முப்பது முறை நிறுவினாலும் அது கூப்பிடப்படப் போவதில்லை.

பழுது கணினிப் பக்கத்திலா, கேபிளிலா, பிரிண்டரிலா என்று பார்க்க ஒவ்வொன்றாக மாற்றினேன். பிரிண்டர் கேபிள் கேபினெட்டின் முன்பக்கப் போர்ட்டில், அதாவது கேபிள் செருகும் துளையில், இருந்தது. முன்பக்கப் போர்ட்டுகள் உள்ளே தனி ஒயர் வழியாக மதர்போர்டுடன் இணைகின்றன. பின்பக்கப் போர்ட்டுகளோ மதர்போர்டிலேயே பொருத்தப்பட்டவை. பின்பக்கம் மாற்றினேன், அதே பிழை வந்தது. அதே போர்ட்டில் பென் டிரைவைச் செருகினேன், உடனே திறந்தது. கணினியின் போர்ட் நல்லது என்று ஆயிற்று. பிறகு லினக்ஸ் இயங்குதளம் உள்ள என் மடிக்கணினியில் அதே கேபிளை மாட்டினேன். அங்கே இயங்குதளத்தின் மையப் பகுதி எழுதிவைக்கும் கெர்னல் பதிவில் 'டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட், எர்ரர் -71' என்ற வரி திரும்பத் திரும்ப வந்தது. -71 என்பது புரோட்டோகால் பிழை, அதாவது பேச்சு விதிமுறையில் பிழை. கேட்டதற்கு விடை வரவே இல்லை, அல்லது வந்த விடை சிதைந்திருக்கிறது என்பது அதன் பொருள். இரண்டு வெவ்வேறு கணினிகள், இரண்டு வெவ்வேறு இயங்குதளங்கள் ஒரே இடத்தில் தடுமாறுகின்றன என்றால் விண்டோஸைக் குறைசொல்ல இனி இடமே இல்லை. எஞ்சியவை கேபிளும் பிரிண்டரும்தான்.

கேபிளைத் தேடிக்கொண்டு கவுன்டருக்குக் கீழே குனிந்து பார்த்தபோதுதான் ஒரு விவரம் தெரிந்தது. போன ஆண்டு கடையின் அமைப்பை மாற்றியபோது கணினி ஒரு மூலைக்கும் பிரிண்டர் எதிர் மூலைக்கும் போய்விட்டன. 3 மீட்டர் கேபிளுடன் இன்னொரு 3 மீட்டர் நீட்டிப்புக் கேபிளைச் சேர்த்து, யு.பி.எஸ். பெட்டியின் மேலாக இழுத்துவிட்டிருந்தார்கள். யு.எஸ்.பி. 2.0 இணைப்பில் கேபிளின் நீளம் 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். நொடிக்கு 480 மெகாபிட் வேகத்தில் போகும் தகவல் நீளமான கேபிளிலும் நடுவில் உள்ள கூடுதல் இணைப்பிலும் வலுவிழக்கும். ஓராண்டு ஓடியது என்பது அது சரியாக இருந்தது என்பதற்குச் சான்று ஆகாது. விளிம்பில் நின்றுகொண்டு ஓடியிருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

இரண்டு கேபிள்களையும் வெளியே எடுத்து, மல்டிமீட்டரை, கம்பி அறுபடாமல் இருந்தால் ஒலிக்கும் பீப் ஒலி நிலையில் வைத்து ஒவ்வொரு கம்பியாகச் சோதித்தேன். பிரிண்டரில் நுழையும் சதுர முனையில் முதல் பின் சிவப்பு, இரண்டாவது வெள்ளை, மூன்றாவது பச்சை, நான்காவது கருப்பு. கேபிள் நேராகக் கிடந்தபோது நான்கும் ஒலித்தன. ஆனால் சதுர முனைக்கு இரண்டு விரல் தள்ளி, கேபிள் எப்போதும் மடிந்தே கிடந்த இடத்தில் லேசாக வளைத்ததும் வெள்ளைக் கம்பியின் ஒலி மட்டும் நின்று நின்று வந்தது. பச்சைக் கம்பி முழுமையாக இருந்ததால்தான் பிரிண்டர் வந்திருப்பது கணினிக்குத் தெரிந்தது. வெள்ளை அறுந்து அறுந்து தொட்டதால்தான் பேச்சு சிதைந்தது. கேபிளைச் சோதிக்கும்போது அதை வளைத்துக்கொண்டே சோதிக்க வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மேசையில் நீட்டி வைத்துச் சோதித்திருந்தால் கேபிள் நல்லது என்று முடிவுகட்டியிருப்பேன்.

எல்லீஸ் சாலை வழியாக அண்ணா சாலைக்கு வந்து, மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தே போனேன். அங்கே பிரிண்டர் கேபிள் எந்த விலையிலும் கிடைக்கும். நான் பார்த்தது இரண்டை மட்டும்தான்: நீளம் ஒன்றரை மீட்டராக இருக்க வேண்டும், உள்ளே உலோகக் கவசம் இருக்க வேண்டும். கையில் பிடித்தாலே தெரியும் அளவுக்குக் கவசமில்லாத கேபிள் மெலிந்தும் எடை குறைந்தும் இருக்கும். திரும்பி வந்து, அக்காவிடம் சொல்லி பிரிண்டரைக் கணினிக்கு அருகிலேயே நகர்த்தி வைத்து, புதுக் கேபிளை மாட்டினேன். பிரிண்டரின் பெயர் வந்தது. அக்காவின் முகமும் தெளிந்தது. மாலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றிருந்த பையன்களுக்கு ஐம்பது பக்கம்வரை அச்சடித்துக் கொடுத்தார்.

ஏழு மணிக்கு மீண்டும் பிரிண்டர் மறைந்துவிட்டது.

ஒரு பழுதைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்திவிட்டது என் தவறு. கேபிள் கெட்டிருந்தது உண்மை. ஆனால் அது மட்டுமே கெட்டிருந்தது என்று நான் எடுத்துக்கொண்டதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இப்போது பிரிண்டர் பக்கத்து முனையை விரலால் சற்று மேலே தூக்கினால் இணைப்பு ஒலியும், விட்டால் துண்டிப்பு ஒலியும் வந்தன. சாக்கெட்டே ஆடியது. கேபிளைக் கழற்றும்போது, சாக்கெட்டின் உலோக விளிம்பில் பட்ட விரலில் சுருக்கென்று ஒரு மெல்லிய அதிர்வும் தெரிந்தது. அதற்கு மேல் எதையும் தொடவில்லை. முதலில் அந்த அதிர்வுக்கு விடை காண வேண்டும்.

கேபிள் இல்லாத நிலையில், சாக்கெட்டின் உலோக விளிம்புக்கும் சுவர் பிளக்கின் எர்த் துளைக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தேன். 104 வோல்ட் ஏ.சி. காட்டியது. பிரிண்டரின் மின்வழங்கியில் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் பாகங்கள்) பேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் உலோகச் சட்டத்துக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் சரியாக இருந்தால் அதில் கசியும் மின்னோட்டம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் அறுந்திருந்தால், சட்டம் ஏறக்குறைய மின்வழங்கலின் பாதி அழுத்தத்தில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்றாலும், அந்த நிலையில் யு.எஸ்.பி. கேபிளை மாட்டும் ஒவ்வொரு முறையும் அது கேபிள் வழியாகக் கணினிக்குப் பாயும். யு.எஸ்.பி. பிளக்கில் மின்சாரப் பின்களைத் தகவல் பின்களைவிட நீளமாக அமைத்திருப்பதே கிரவுண்ட் முதலில் தொட வேண்டும் என்பதற்காகத்தான். ஆனால் ஆடும் சாக்கெட்டில் எது முதலில் தொடும் என்று யார் சொல்ல முடியும்?

காரணம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தது. அதன் மூன்று பின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், பச்சை எர்த் ஒயர் திருகிலிருந்து விடுபட்டு உள்ளேயே சுருண்டு கிடந்தது. பாக்ஸை மாற்றிய பிறகு எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் இடையே 2 வோல்ட்டுக்குக் குறைவாகவும், பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 229 வோல்ட்டாகவும் இருந்தது. விரலில் சுருக்கென்று தெரிந்தால் 'லேசாகத்தானே அடிக்கிறது' என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் அப்படியே பழகிவிட்ட கடைகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி விடாதீர்கள். கெடப்போவது போர்ட் மட்டுமல்ல, பாக்ஸில் மாட்டியிருக்கும் வேறொரு கருவியில் பேஸ் ஒயர் சட்டத்தில் பட்டுவிட்டால், எர்த் இல்லாத அந்த இடத்தில் ஆளுக்கே ஆபத்து.

மறுநாள் சனிக்கிழமை காலை, கடை திறக்கும் முன் பிரிண்டரைப் பிரித்தேன். முந்தைய இரவே பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தேன். லேசர் பிரிண்டரின் மின்வழங்கியில் 230 வோல்ட் ஏ.சி. நேர்மின்னோட்டமாக மாறும்போது ஏறக்குறைய 325 வோல்ட் கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும். ஃப்யூசரோ 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் வேலை செய்வது. பிளக்கைக் கழற்றிய உடனே உள்ளே கைவிடுவது கூடாது. மின்வழங்கிப் பகுதியை நான் எந்தக் கட்டத்திலும் தொடவில்லை. நல்லவேளையாக, யு.எஸ்.பி. சாக்கெட் உள்ள போர்டு பக்கவாட்டு மூடிக்கு உள்ளே தனியாக, நான்கு திருகுகளில் நின்றது.

சதுர சாக்கெட்டுக்குப் போர்டில் ஆறு கால்கள் உண்டு. நான்கு பின்களும், உலோக உறையைப் பிடித்திருக்கும் இரண்டு தடித்த காதுகளும். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, ஒரு காதைச் சுற்றி ஈயத்தில் மெல்லிய வளையமாக வெடிப்பு ஓடியிருந்தது. இரண்டாவது பின்னிலும் அப்படியே. டோனர் மாற்றும்போதெல்லாம் கேபிளைக் கழற்றாமல் மெஷினை முன்னால் இழுப்பது கடையில் வழக்கமாம். இழுக்கும் விசையெல்லாம் அந்த ஆறு கால்களில்தான் இறங்கியிருக்கிறது. சாக்கெட்டின் உள்ளே தொடுபட்டைகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. மெரினாவிலிருந்து நடந்து வரும் தூரத்தில், கதவு எப்போதும் திறந்தே இருக்கும் கடை அது. உப்புக் காற்று, காகிதத் தூசி, டோனர்ப் பொடி மூன்றும் சேர்ந்தால் செம்பும் பித்தளையும் இப்படித்தான் ஆகும்.

களிம்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் பலமுறை தேய்த்து எடுத்தேன். உப்புத்தாளை உபயோகிக்கவில்லை. தொடுபட்டையின் மேல்பூச்சு போய்விட்டால் களிம்பு முன்னைவிட வேகமாக ஏறும். பிறகு ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தடவி, ஆறு கால்களையும் புது ஈயத்துடன் மறுபடி சால்டர் செய்தேன். பின்களுக்கு 25 வாட் அயர்ன் போதுமாக இருந்தது. காதுகளோ போர்டின் பெரிய கிரவுண்ட் பரப்புடன் இணைந்திருப்பதால் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொண்டன. சிறிய அயர்னை நெடுநேரம் வைத்து அழுத்திக்கொண்டிருந்தால் போர்டின் செம்புத் தடமே உரிந்துவிடும் என்பதால், 60 வாட் அயர்னை எடுத்து ஒவ்வொரு காதையும் சில நொடிகளில் முடித்தேன். ஆறியதும் பக்கத்துப் பக்கத்துப் பின்கள் ஒன்றோடொன்று தொடவில்லை என்பதை மீட்டரில் பார்த்த பிறகே மூடியைப் பூட்டினேன்.

இப்போது கேபிளை எப்படி ஆட்டினாலும் இணைப்பு விடவில்லை. டிவைஸ் மேனேஜரில் 'யு.எஸ்.பி. பிரிண்டிங் சப்போர்ட்' என்ற வரி நிலையாக நின்றது. ஆனால் அக்கா அச்சிடக் கொடுத்தால் வேலை வரிசையில் போய் நின்றதே தவிர காகிதம் வரவில்லை. இதுதான் நான் முன்பே சொன்ன மூன்றாம் நிலை. டிரைவரைப் பற்றிய பேச்சுக்கு இப்போதுதான் நேரம் வந்தது.

பிரிண்டர்ப் பட்டியலில் ஒரே மெஷின் மூன்று பெயர்களில் இருந்தது. அசல் பெயர், 'காப்பி 1', 'காப்பி 2'. தனக்கென ஒரு சீரியல் எண்ணைச் சொல்லாத பிரிண்டரை வேறொரு போர்ட்டில் மாட்டினால் விண்டோஸ் அதைப் புதிய பிரிண்டர் என்றே நினைத்து, புதிய மெய்நிகர்ப் போர்ட் எண்ணைக் கொடுக்கும். வேர்டு கோப்புகள் எல்லாம் டிஃபால்ட்டாக இருந்த பழைய பெயருக்குப் போயின. அந்தப் பெயர் யு.எஸ்.பி. 001 என்ற போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. மெஷினோ யு.எஸ்.பி. 003 இல் இருந்தது. பிரிண்டர் பிராப்பர்டீஸில் 'போர்ட்ஸ்' பகுதிக்குச் சென்று சரியான எண்ணைத் தேர்ந்தெடுத்தாலே போதும். ஆயினும் அதைச் செய்வதற்கு முன் தேங்கியிருந்த வேலைகளை நீக்க வேண்டியிருந்தது. வரிசையில் பதினேழு வேலைகள் இருந்தன. அவற்றில் பல, வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்களும் சான்றிதழ்களும். போர்ட்டைச் சரிசெய்த மறுநொடி அவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்து, கவுன்டரில் நிற்கும் யாருடைய கையிலும் போயிருக்கும். ஆகவே சர்வீசஸ் பட்டியலில், அச்சு வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் 'பிரிண்ட் ஸ்பூலர்' சேவையை நிறுத்தி, சிஸ்டம் 32 ஃபோல்டருக்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரில் இருந்த கோப்புகளை மட்டும் அழித்து, சேவையை மீண்டும் தொடங்கினேன். ஃபோல்டரை அழிக்கக்கூடாது, உள்ளே இருப்பவற்றை மட்டுமே அழிக்க வேண்டும்.

இரண்டு 'காப்பி'களையும் நீக்கிவிட்டு, டிஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே தேர்ந்தெடுக்கும் அமைப்பையும் அணைத்துவைத்தேன். அது இயங்கினால், கடைசியாக எதில் அச்சிட்டோமோ அதையே டிஃபால்ட்டாக மாற்றிவிடும். ஒருமுறை பி.டி.எஃப். ஆகச் சேமித்தால்கூட அடுத்த வேலை அங்கேயே போய்விடும். டிரைவரை நான்காம் முறை நிறுவத் தேவையே எழவில்லை. முதல் முறை நிறுவியதே நன்றாக வேலை செய்தது.

பின்பக்கத்தில் பயன்படுத்திய போர்ட்டுக்கு நேரே மஞ்சள் டேப் ஒட்டி, பிரிண்டர் கேபிள் எப்போதும் அதே துளையில்தான் இருக்க வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். கேபிளைப் பிரிண்டரின் பின்சுவரில் ஒரு கிளிப்பால் பிடித்து, அதற்கும் சாக்கெட்டுக்கும் இடையே தளர்வாக ஒரு சுற்று விட்டேன். இனி யாராவது இழுத்தால் விசை கிளிப்பில் நிற்கும். "அப்ப புது மெஷினுக்கான ஏழாயிரம் மிச்சம்" என்றார் அக்கா. பழைய கேபிளின் சதுர முனையை வெட்டி எறிந்துவிட்டேன். நல்லதுபோல் தோன்றும் கெட்ட கேபிளை டிராயரில் போட்டு வைத்தால் அது இன்னொரு நாள் இன்னொருவரின் நேரத்தைத் தின்றுவிடும்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் அந்தப் பக்கம் போனபோது மீண்டும் ஒருமுறை அளந்தேன். சாக்கெட் விளிம்புக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு வோல்ட்கூட இல்லை. கேபிளை ஆட்டிப் பார்த்தேன், இணைப்பு விடவில்லை. அக்கா அப்போது யாருக்கோ நாற்பது பக்க வினாத்தாள் அச்சடித்துக்கொண்டிருந்தார்.